கொக்கி என்கிற என் ஓரகத்தி

என் நாத்தனாரைப் பழிவாங்க வேண்டும் என்று நான் வருடக்கணக்கில் கறுவிக்கொண்டிருந்தேன். கடைசியில் பழிவாங்கியது என்னவோ என் ஓரகத்திதான். அதுவும் குரலை உயர்த்தாமல், ஒரு மடக்கு மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நாலு நிமிஷத்தில். அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் அவள் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் இடது கைக்காரி. எழுதுவதற்கு மட்டும் வலது கை. பள்ளிக்கூடத்தில் முட்டியில் ஸ்கேலால் தட்டித் தட்டி மாற்றிவிட்டார்களாம். நுனி வளைந்த குரோஷா பின்னல் ஊசி கைக்கு வந்தது அதற்கப்புறம், அதுவும் வீட்டில் யாரும் கவனிக்காத ஒரு மதியத்தில். அதனால் அந்த ஒரு வேலை தப்பித்துவிட்டது. இடது கையில் ஊசியைப் பிடித்தாளானால் நாலு விரலும் அதன் மேல் வளைந்துகொள்ளும், சுண்டுவிரல் மட்டும் விறைத்து நிற்கும். கல்யாணமாகி வந்த இரண்டாம் நாளே நாத்தனார் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது கையா, கொக்கியா?" என்றார். அன்றிலிருந்து அவள் பெயர் கொக்கி. அவள் புருஷனே அப்படித்தான் கூப்பிட்டார். நான் மட்டும் அக்கா என்பேன்.

எங்கள் நாத்தனாரைப் பற்றி மரியாதை குறையாமல் சொல்கிறேன். மாமனாரும் மாமியாரும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு தம்பிகளையும் வளர்த்து ஆளாக்கியது அவர்தான். கல்யாணமான வருடமே புருஷன் இறந்துவிட்டார், மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. மறந்துபோகவும் வழியில்லை, வாரத்துக்கு நாலு தடவை அவரே எடுத்துச் சொல்லிவிடுவார். கீழே அவருடைய கடை, குழந்தைகளுக்கான உடுப்புக் கடை. மேலே இரண்டு அறைகளில் நாங்கள் இரண்டு குடும்பம். மூத்தவர், அதாவது அக்கா புருஷன், கடைக்கு வண்டி ஓட்டினார், என் வீட்டுக்காரர் கல்லாவில் உட்கார்ந்தார். நாத்தனார் லேசாக இருமினால் போதும், தம்பிகள் இரண்டு பேரும் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள்.

கடைக்குப் பின்னால் பச்சைத் திரை போட்ட ஓர் அறை. ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்துக் குழாய். ஒரு டியூப்லைட். இடது பக்கக் கைப்பிடியை ரம்பத்தால் அறுத்தெடுத்த ஒரு நாற்காலி, முழங்கை இடிக்கிறது என்று அவளே அறுத்தது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அக்கா அங்கேதான். தொப்பி, காலுறை, சட்டை ஓரம், தொட்டில் விரிப்பு எல்லாம் அந்த நாற்காலியிலிருந்துதான் பிறந்தன. வாயை அசைக்காமல் எண்ணுவாள். நடுவில் நான் பேச்சுக் கொடுத்தால் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவாள், அந்த வரி முடிந்ததும்தான் பதில் வரும். சில சமயம் நான் என்ன கேட்டேன் என்பதே எனக்கு மறந்துவிட்டிருக்கும்.

திரைக்கு முன்னால் நடப்பது வேறு நாடகம். நாத்தனார் மடியில் ஒரு நூல்கண்டையும் வலது கையில் ஓர் ஊசியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாடிக்கையாளர் கதவைத் தள்ளும்போது நாலு கண்ணி போடுவார், போனதும் கீழே வைத்துவிடுவார். அவருக்கு வேலை தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியும், ஒரு கைக்குட்டைக்கு ஓரம் கட்டும் அளவுக்கு. ஆனால் கடையில் இருக்கும் ஒவ்வொரு உருப்படியும் "என் கையால போட்டது". "குரோஷான்னா பிரெஞ்சுல பூன்னு அர்த்தம்" என்று வேறு அடித்துவிடுவார். கேட்பவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. கல்யாணத்துக்கு முன் நான் ஒரு நூலகத்தில் வேலை பார்த்தவள். ஒருநாள் பழைய சிநேகிதியிடம் சொல்லி அகராதியைப் பார்க்கச் சொன்னேன். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சின்னக் கொக்கி. அவ்வளவுதான், பூவுமில்லை காயுமில்லை. துணியையோ பின்னலையோ வைத்துப் பெயர் வைக்கவில்லை, கருவியை வைத்து வைத்துவிட்டார்கள். நான் மூச்சிரைக்கத் திரைக்குப் பின்னால் ஓடிப்போய்ச் சொன்னேன். அக்கா விரலைத் தூக்கினாள். வரி முடிந்தது. "அப்போ அண்ணி எனக்குச் சரியாத்தான் பேரு வெச்சிருக்காங்க" என்றாள். "போய் முன்னாடி சொல்லுக்கா, எல்லார் முன்னாடியும் சொல்லு" என்றேன். "சொல்லி?" என்றாள். எனக்கு அந்தப் பொறுமையைக் கண்டால் எரிச்சலாக வரும்.

அவள் வாழ்க்கையில் தனக்கென்று போட்டது ஒன்றே ஒன்று. வெள்ளை நூலில் வட்டமான ஒரு சால்வை, குழந்தையைச் சுற்றுவதற்கு. வயிற்றில் இருந்த குழந்தைக்காக, கடை வேலை முடிந்த பிறகு மேலே வந்து போடுவாள். நடுவில் காசளவில் ஆரம்பித்து ஒவ்வொரு சுற்றாக அகன்று, ஓரத்தில் நூலாலேயே பின்னிய சின்னச் சின்னச் சிப்பிகள். கடைசிச் சுற்றில் இன்னும் கால் பாகம்தான் பாக்கி. அப்போது ஏழாம் மாதம். வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள், மூன்றாம் நாள் வெறுங்கையோடு வந்தாள். மூத்தவர் கூட இருந்தார். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாராம், பார்க்கத் தெம்பில்லை என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். நாத்தனார் போகவில்லை, கடையில் கூட்டம். நானும் போகவில்லை, அந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள என்னை நிறுத்திவிட்டார். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் மூன்று வேளையும் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன், தலை வாரிவிட்டேன். எதையாவது கேட்டால் அழுதுவிடுவாள் என்று கேட்கவில்லை.

சால்வையின் கடைசிக் கண்ணியில் ஊசி இருந்த இடத்தில் ஒரு சேஃப்டி பின்னைக் குத்தினாள். குரோஷாவில் எத்தனை பெரிய துணியாக இருந்தாலும் கடைசிக் கண்ணி ஒன்றுதான் உயிரோடு இருக்கும், அதை விட்டால் எல்லாம் வந்துவிடும். மிச்ச நூல்கண்டோடு அப்படியே மடித்துத் தகரப்பெட்டியில் வைத்துவிட்டாள். எட்டு வருடம் அது அங்கே இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை எடுத்து வெயில் காட்டுவாள், மறுபடி மடித்து வைப்பாள். அப்புறம் குழந்தை எதுவும் உண்டாகவில்லை.

ஒன்பதாவது வருடம் வெயில் காட்டப் பெட்டியைத் திறந்தால் பாச்சை உருண்டைகள் மட்டும் கிடந்தன. சால்வை கீழே கடையில், கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கு வைத்து. நாங்கள் இரண்டு பேரும் இறங்கிப் போனோம்.

"சும்மா பெட்டிக்குள்ள கெடந்து வீணாப் போறதுக்கு, நாலு பேர் பாக்கட்டுமே" என்றார் நாத்தனார். "விக்கவா போறேன்?"

அக்கா தன் புருஷனைப் பார்த்தாள். "எங்கக்கா ஆசைப்பட்டுட்டா. விடேன்" என்றார் அவர், வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே. எனக்கு அந்த ஆளை அந்த இடத்திலேயே நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அது போகட்டும் என்றுகூட விட்டிருப்பேன். விட முடியாதது அடுத்த வாரம் நடந்தது. நானும் அக்காவும் திரைக்குப் பின்னால் இருந்தோம். முன்னால் ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரி கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, இது ஏன் முடிக்காமல் நிற்கிறது என்று கேட்டாள்.  நாத்தனார் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அது என் குழந்தைக்குப் போட்டதும்மா. தங்கலை. அதுக்கப்புறம் என் கை ஓடலை."

அந்தப் பெண் விம்மியது எங்களுக்குக் கேட்டது. நாத்தனாரும் மூக்கை உறிஞ்சினார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் வரியை முடித்தாள். அடுத்த வரியையும் முடித்தாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த அழுகை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள், தாடை எலும்பு தெரிந்தது.  பேரை எடுத்துக்கொண்டார், வேலையை எடுத்துக்கொண்டார், சரி. துக்கத்தைக்கூடவா ஒருத்தர் எடுத்துக்கொள்வார்? அதற்கப்புறம் வந்தவர்கள் போனவர்கள் எல்லாரிடமும் அந்தக் கதை நடந்தது. சொல்லச் சொல்ல மெருகேறியது. "ராத்திரியில இப்பவும் அழுகைச் சத்தம் கேக்குது" என்பது வரைக்கும் போனார். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் சும்மா போக மனமில்லாமல் ஒரு தொப்பியாவது வாங்கிப் போனார்கள்.

நான் என்னென்னவோ திட்டம் போட்டேன். கண்ணாடிப் பெட்டியை உடைக்கலாம் என்றேன். கடை வாசலில் நின்று கத்தலாம் என்றேன். நாத்தனார் குடிக்கும் டீயில் உப்பைக் கொட்டி ஒருநாள் என் ஆத்திரத்தைக் கொஞ்சம் தணித்துக்கொண்டதும் உண்டு. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இரு" என்பாள். அவ்வளவுதான். எட்டு மாதம் அந்த ஒரு சொல்லோடு ஓட்டினாள்.

பிறகு கைவேலைக் கண்காட்சி அறிவிப்பு வந்தது. நகராட்சி மண்டபத்தில், பெண்களுக்கு மட்டும். கலந்துகொள்பவர்கள் தங்கள் பொருளோடு மேஜையில் உட்கார்ந்து, பார்வையாளர்கள் முன்னால் வேலை செய்தும் காட்ட வேண்டும் என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தது. அந்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு போய் நாத்தனாரிடம் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அக்காதான்.

"அண்ணி, அந்தச் சால்வையை வைங்க. உங்களுக்குத்தான் பரிசு" என்றாள்.

நான் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று இருந்தது, அக்காவை.

நாத்தனாருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "வெக்கலாம். ஆனா ஓரம் பாதியில நிக்குதே. நீயே முடிச்சுக் குடுத்துடு கொக்கி."

"முடிச்சுட்டா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க அண்ணி. நின்னுபோயிருந்தாத்தான் ஏன்னு கேப்பாங்க."

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கும் மூளை வேலை செய்யுது" என்றார்.

நான் இரண்டு நாள் அக்காவிடம் பேசவில்லை.

கண்காட்சியன்று பைகளைத் தூக்க நாங்கள் இரண்டு பேரும் கூடப் போனோம். பெரிய மண்டபம், வரிசையாக மடக்கு மேஜைகள், தலைக்கு மேல் ஆறு மின்விசிறிகள், அதில் இரண்டு ஓடவில்லை. நாத்தனார் மேஜையில் சால்வையை விரித்து, சேஃப்டி பின் குத்திய இடம் எல்லார் கண்ணிலும் படும்படி மேலே வைத்தார். பக்கத்தில் பெரிய எழுத்தில் தன் பெயர் போட்ட அட்டை. நாங்கள் பின்னால் சுவரை ஒட்டி நின்றோம்.

பதினொரு மணிக்கு நடுவர் வந்தார். ஓய்வுபெற்ற கைவேலை டீச்சர், சோடாபுட்டிக் கண்ணாடி, கையில் ஒரு நோட்டு. சால்வையின் நடுவட்டத்தில் விரலை வைத்து ஒவ்வொரு சுற்றாகத் தடவிக்கொண்டே வந்தார். "எத்தனை வருஷமா போடறீங்க?" என்று கேட்டார். நாத்தனார் இருபது வருடம் என்றார். குரோஷான்னா பூ என்றும் சொல்லி வைத்தார். டீச்சர் நிமிர்ந்து, "கொக்கிம்மா. சின்னக் கொக்கி" என்று திருத்திவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். நான் அக்காவின் இடுப்பில் இடித்தேன். அவள் அசையவில்லை.

"இந்த ஓரம் ஏன் நிக்குது?"

இந்தக் கேள்விக்காகத்தானே நாத்தனார் வந்திருந்தார். எடுத்துவிட்டார் கதையை. அன்றைக்கு அவருக்கு நன்றாகவே வந்தது. சுற்றிலும் பத்துப் பதினைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி அவர் தோளில் கை வைத்தாள். டீச்சர்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்போது அக்கா சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். "அண்ணி, இத்தனை பேர் கூட இருக்காங்க. இன்னிக்கே முடிச்சுடுங்களேன். கால் சுத்துதானே" என்றாள். அத்தனை அன்பான குரல்.

"ஆமாம்மா, முடிங்க. மனசு லேசாகும்" என்றார் டீச்சர். தோளில் கை வைத்தவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. 

விஷயம் இதுதான். வலது கைக்காரர்கள் வலமிருந்து இடமாகப் போட்டுக்கொண்டு போவார்கள். அக்கா இடமிருந்து வலமாகப் போவாள். முடிந்த துணியைப் பார்த்தால் பழகாத கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பாதியில் நிற்கும் சுற்றைக் கையில் எடுத்தால் ஏமாற்ற முடியாது. அவள் விட்ட கண்ணியில் வலது கைக்காரர் ஊசியைக் கோத்தால், அவர் போக வேண்டிய பக்கத்தில் ஏற்கெனவே போட்டு முடித்த சிப்பிகள் நிற்கும். காலியான இடம் அதற்கு எதிர்ப்பக்கம் இருக்கும்.

நாத்தனார் பின்னைக் கழற்றினார். ஊசியைக் கோத்தார். இடது பக்கம் பார்த்தார், சிப்பி. வலது பக்கம் பார்த்தார், காலி. துணியைச் சுழற்றினார். மறுபடி பார்த்தார். நெற்றியில் வேர்த்தது. கடைசியில் துணியைத் திருப்பிப் போட்டார். அப்பாடா, காலி இடம் இப்போது சரியான பக்கத்துக்கு வந்துவிட்டது. மளமளவென்று மூன்று சிப்பி போட்டார். போட்டுவிட்டு ஜெயித்தவர் மாதிரி நிமிர்ந்தார்.

டீச்சர் துணியை நேராகத் திருப்பினார். பழைய சிப்பிகளெல்லாம் முகம் காட்டிக்கொண்டிருக்க, புதிய மூன்றும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. அவர் முதல் சுற்றிலிருந்து மறுபடி விரலை வைத்துக்கொண்டு வந்தார். இப்போது அவர் விரல் எதிர்த் திசையில் போனது.

"இது உங்க கை இல்லையே" என்றார். "இதைப் போட்டவங்க இடது கைக்காரங்க."

"நான் அப்பல்லாம் இடது கையிலயும் போடுவேன்" என்றார் நாத்தனார்.

"போட்டுக் காட்டுங்க."

போட்டார். அதாவது, ஊசியை இடது கைக்கு மாற்றினார். பால்பாட்டிலைப் பிடிப்பது மாதிரி பிடித்தார். இரண்டு தடவை குத்தினார், மூன்றாவது தடவை ஊசி கீழே விழுந்து மேஜைக்கு அடியில் உருண்டது. கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். தோளில் இருந்த கை எடுக்கப்பட்டுவிட்டது. நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. எட்டு மாதமாக நான் காத்திருந்த காட்சி. வாய் கொள்ளாமல் சிரித்தேன், இன்றைக்கும் அதற்கு வெட்கப்படவில்லை. "எங்கக்கா போட்டது. அவ குழந்தைக்கு அவ போட்டது" என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

அக்கா மேஜைக்கு வந்தாள். நூலைப் பிடித்து ஒரே இழுப்பு, மூன்று சிப்பியும் சரசரவென்று வந்துவிட்டன. கண்ணியில் பின்னைக் குத்தினாள்.

நாத்தனார் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இப்போது உண்மையாகவே அழுகை வந்துவிட்டது அவருக்கு. "குடும்பம்னா எல்லாம் ஒண்ணுதானே. உன் குழந்தைன்னா அது என் குழந்தை இல்லையா? நான் பொய் சொல்லலை. நெஜமாவே என் குழந்தைன்னுதான் நெனச்சு அழுதேன்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கொஞ்சம் இரக்கம் திரும்புகிற மாதிரி இருந்தது. எனக்குப் பகீரென்றது.

அக்கா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "அப்படியா அண்ணி?" என்றாள். "அப்போ நீங்களே சொல்லுங்க. பொறந்தது பொண்ணா, பையனா?"

நாத்தனார் அவள் மணிக்கட்டை விட்டார்.  அவருக்குத் தெரியவில்லை. ஒன்பது வருடத்தில் ஒருதடவைகூட அவர் கேட்கவில்லை. ஊரெல்லாம் சொல்லி அழுத குழந்தை ஆணா பெண்ணா என்பது அவருக்குத் தெரியாது. டீச்சர் நோட்டை மூடினார். அட்டையை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். நான் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன்.

நாத்தனார் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை எடுத்துக் கொடு என்று கெஞ்சுகிற பார்வை. கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் கொடுக்க என்னிடம் அது இல்லை என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. தட்டு கொண்டுபோய் வைத்தவள், தலை வாரிவிட்டவள், அவளுக்காக டீயில் உப்புப் போட்டவள், நானும் கேட்கவில்லை. அக்காவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனாரைப் பார்த்த அதே கண். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மேஜைகளுக்கு நடுவே நடந்து வெளியே போனாள்.

மறுநாளே தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். மூத்தவரும் பின்னாலேயே போனார். இப்போது அந்த டீச்சர் சொல்லி ஒரு பயிற்சி நிலையத்தில் இருபது பேருக்குக் குரோஷா சொல்லிக்கொடுக்கிறாள், மாணவிகள் அவளைக் கொக்கி மிஸ் என்கிறார்கள், அதில் அவளுக்குப் பெருமைதான். நாத்தனார் கடையில் ஆயத்த உடுப்புகள் தொங்குகின்றன. நான் மாதத்துக்கு ஒருமுறை அக்கா வீட்டுக்குப் போகிறேன். டீ போட்டுத் தருகிறாள், நன்றாகவே பேசுகிறாள்.

போன மாதம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டுவிட்டேன். "அக்கா, அன்னிக்கு... பொண்ணா, பையனா?"

அவள் கையில் வேலை இருந்தது. விரலைத் தூக்கினாள். அந்த வரி முடியும்வரை காத்திருந்தேன். முடித்துவிட்டு அடுத்த வரியை ஆரம்பித்தாள்.